நீல மாளிகையின் நிறம் சுற்றுலாவுக்காகப் பூசியதா? பினாங்கு லீத் தெரு வீடும் பழைய வீடுகளைச் செப்பனிடுவதும்

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

பினாங்கு ஜார்ஜ் டவுனில் லீத் தெருவிலுள்ள செயோங் ஃபாட் ட்ஸி மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாரும் அதை நீல மாளிகை என்றே சொல்கிறார்கள். படம் எடுக்க வருகிறவர்களைக் கவர்வதற்காகப் பிற்காலத்தில் பூசிய நிறம் அது என்பது என் கருத்து. இவ்வளவு செலவு செய்தவர்கள் சுவருக்குச் சிமெண்ட் பூசி நல்ல வெளிப்புறப் பெயிண்ட் அடித்திருந்தால், இப்படி ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் தெரிந்திருக்காதே? உள்ளூர்க்காரர்கள் யாராவது விளக்கினால் நன்று.

3 பிப்ரவரி, இரவு

நான் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் குடும்பத்துக்குக் குயின் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீடு இருக்கிறது. அதைச் செப்பனிட்ட அனுபவத்தை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறம். அந்த நீலம் சுற்றுலாவுக்காக வந்ததன்று. அது பெயிண்டும் அன்று. சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து அடித்த பூச்சு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அவுரி இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு சீனக் குடும்பங்களுக்குத் துக்கத்தின் நிறம் என்பதால் நீலம் விரும்பப்பட்டது என்று அந்த மாளிகையின் வழிகாட்டிகள் சொல்வார்கள். எங்கள் தெருவிலேயே பழைய சுவர்களைச் சுரண்டினால் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று ஒவ்வொரு படலமாக உரிந்து, அடியில் நீலம் எட்டிப் பார்ப்பது வழக்கம். ஆகவே லீத் தெரு மாளிகை நீலமாக இருப்பதில் வியப்பில்லை; மற்ற வீடுகள் அந்த நிறத்தை மறைத்துக்கொண்டன, அது மறைக்கவில்லை.

அடர்ந்தும் வெளிறியும் தெரிவது சுண்ணாம்பின் இயல்பு. ஈரமானால் நிறம் கருத்து ஆழமாகும், காய்ந்தால் வெளுக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகு அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிமெண்ட் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் வேண்டும்; தனியாக எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

சிமெண்ட்டுக்குப் போகுமுன் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது யாருடைய வீடு என்பது தெரியாமல் அதைச் செப்பனிட்ட முறை விளங்காது.

செயோங் ஃபாட் ட்ஸி 1840இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்துத் தாபுவில் ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் பிழைக்கப் போனார். வியாபாரத்திலும் தோட்டத் தொழிலிலும் பெரும் செல்வம் சேர்த்தார். பினாங்கில் சீனப் பேரரசின் துணைத் தூதராக இருந்தார். 1892இல் யான்தாயில் அவர் தொடங்கிய சாங்யூ திராட்சை மது ஆலை இன்றும் இயங்குகிறது; அதன் மதுவகைகள் 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றன. ஆயர் ஈத்தாம் மலைச்சரிவிலுள்ள கெக் லோக் சீ கோயிலுக்குப் பெருங்கொடை அளித்தவர்களில் அவர் ஒருவர். 1904இல் பினாங்கில் சுங் ஹுவா பள்ளியைத் தோற்றுவித்ததும் அவரே.

பல ஊர்களில் வீடுகள் இருந்தாலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய இந்த வீடு அவருக்கு நெருக்கமானது. 38 அறைகள், கருங்கல் பாவிய 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள். தூண்களும் வளைவுகளும் வார்ப்பிரும்பில். அவை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்தவை. தரை ஓடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டிலிருந்து வந்தவை. கூரையும் முற்ற அமைப்பும் சீன முறை. இப்படி எல்லாம் கலந்திருந்தும் வீடு சிதறிப் போகாமல் ஒன்றாக நிற்பதற்குக் காரணம் அந்த நடுமுற்றம் என்று நினைக்கிறேன். காற்றும் வெளிச்சமும் மழையும் அங்கே இறங்கித்தான் மற்ற அறைகளுக்குப் போகின்றன. நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீட்டில் பழகியவர்களுக்கு அங்கே நின்றதும் வீட்டின் நோக்கம் புரிந்துவிடும்.

4 பிப்ரவரி, மாலை

ஃபெங் சுய் என்ற சீன மனையடி சாத்திரம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டியவர் அதை உறுதியாகப் பின்பற்றினார். நீர் செல்வம் என்பது அவர்களுடைய கணக்கு; ஆகவே கூரையில் விழும் மழையை முற்றத்துக்குள் வாங்கி, நிதானமாக வெளியேற்றும்படி அமைத்தார்கள். நம்பிக்கை எதுவாயினும், வெப்ப நாட்டில் வீட்டின் நடுவே நீரும் திறந்த வானமும் இருந்தால் வீடு குளிர்ந்திருக்கும். இதற்கு மேல் இந்த இழையில் அதைப் பேச வேண்டியதில்லை.

7 பிப்ரவரி

வீடு எப்படித் தப்பியது என்பதே எனக்கு முக்கியமானது.

செயோங் 1916இல் பத்தாவியாவில் இறந்தார். கடைசி மகன் இறக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்பது அவருடைய உயில். தந்தை இறந்தபோது அந்த மகன் சிறு குழந்தை. அந்த மகன் காலமானது 1989இல். இடைப்பட்ட 73 ஆண்டுகளில் சொத்து கரைந்தது, குடும்பம் சிதறியது, அறைகள் வாடகைக்குப் போயின. கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. இருந்தும் விற்க முடியாததால் இடிக்கவும் முடியவில்லை. ஒரு முதியவர் தன் வீட்டின் மேல் வைத்த பாசம், சட்டத்தின் வடிவில் அந்த வீட்டைக் காத்தது.

அந்தக் காலத்து ஜார்ஜ் டவுனை நினைத்துப் பாருங்கள். 1970களில் கொம்தார் கோபுரத்துக்காக நகரின் நடுவே பல தெருக்கள் துடைக்கப்பட்டன. 1993 கிறிஸ்துமஸ் நாளன்று நார்தம் சாலையிலிருந்த மெட்ரோபோல் விடுதி இடிக்கப்பட்டது. அலுவலகங்கள் மூடியிருந்த விடுமுறை நாளில் அது நடந்தது. லீத் தெருவிலிருந்து அது நடந்து போகும் தூரம். அப்படிப்பட்ட காலத்தில் கட்டடக்கலைஞர் லாரன்ஸ் லோவும் லின் லீ லோ-லிம்மும் வேறு சிலரும் சேர்ந்து, சொந்தப் பணத்தைப் போட்டு இந்த வீட்டை வாங்கினார்கள். உலக மரபுச் சின்னம் என்ற பட்டம் நகருக்குக் கிடைத்தது 2008இல்தான். பழைய வீட்டுக்கு மதிப்பு வந்த பிறகு அவர்கள் வாங்கவில்லை. மதிப்பில்லாத காலத்தில் வாங்கினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

10 பிப்ரவரி

இப்போது சிமெண்ட்.

எங்கள் கடைவீட்டில் கீழே பலசரக்குக் கடை, மேலே குடும்பம். என் சிறுவயதில் கீழ்ச்சுவரில் ஓதம் ஏறி, இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து உதிரும். அரிசி மூட்டையைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. ஒரு கட்டத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரை அழைத்து, பழைய காரை முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினோம். வழவழவென்று அழகாக இருந்தது. சில ஆண்டுகளில் ஓதம் இடுப்பைத் தாண்டித் தோள் உயரத்துக்கு ஏறியது. அதற்கும் மேலே சிமெண்ட் பூசினோம். அது மாடித் தளத்து உத்தரம் வரை போய்விட்டது. உத்தரத்தின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் மரம் கையால் நொறுக்கும் அளவுக்கு உளுத்திருந்தது.

ஏன் இப்படி ஆனது? ஜார்ஜ் டவுன் கடற்கரை நகரம். தோண்டினால் சீக்கிரமே நீர் தட்டும். பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் இல்லை. செங்கற்கள் மென்மையானவை, நீரை உறிஞ்சுபவை. அவற்றைப் பிணைத்த சாந்தும் சுண்ணாம்பே. கீழிருந்து ஏறும் ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடும். உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைத்துவிடலாம். சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் இந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, விரிந்து, கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. வெளியே சுவர் புதிதாகத் தெரியும். உள்ளே செங்கல் பொடியாகிக்கொண்டிருக்கும்.

பின்னர் மரபுக் கட்டட வேலையில் அனுபவமுள்ள ஒரு பெரியவர் வந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார். "முதலில் இதை மூச்சுவிட விடுங்கள்" என்றார். சிமெண்ட்டைப் பெயர்த்தோம். சுவரைப் பல மாதம் வெற்றுச் செங்கல்லாகவே காயவிட்டோம். கடைக்கு வருகிறவர்கள் வீட்டை இடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். உப்பு பூக்கப் பூக்கத் தூரிகையால் துடைத்தோம். பொடிந்த கற்களை மட்டும் எடுத்துவிட்டு, இடிபட்ட வேறு வீட்டிலிருந்து வாங்கிய பழைய கற்களை வைத்தோம். அதற்குப் பிறகே சுண்ணாம்புக் காரை.

லீத் தெரு மாளிகையின் பூச்சு சுண்ணாம்பாக இருப்பதன் காரணமும் இதுதான். அந்த நீலம் ஓர் அலங்காரம் என்பதைவிட, வீடு மூச்சுவிடும் தோல் என்பதே சரி.

11 பிப்ரவரி

"சுண்ணாம்பு பலமற்றது, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்" என்று எழுதியவருக்கு: ஆம், மறுபடி மறுபடி அடிக்கத்தான் வேண்டும். பலமான சுவரின் மேல் பலம் குறைந்த பூச்சு இருப்பதே முறை, ஏனென்றால் தேய வேண்டியது பூச்சு, செங்கல் அன்று. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் முன்னோர் பூச்சு நிலைக்காது என்று தெரிந்தே செய்தார்கள். அந்த வழக்கத்தால் சுவர் நிலைத்தது.

14 பிப்ரவரி

சென்னையிலிருந்து எழுதும் ஒரு நண்பர், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணப்பூச்சு எங்கள் பக்கமும் உண்டா என்று கேட்டிருக்கிறார். நேரான தொடர்பே உண்டு. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயத்தை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் கட்டினார்கள். 1862இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் உட்சுவர்ப் பூச்சு சென்னைச் சுண்ணாம்பு முறை. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறவைத்த நீர் ஆகியவற்றைக் கலந்து பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். பினாங்கிலும் 1790 முதல் இந்தியக் கைதிகள் சாலைகளிலும் கட்டடங்களிலும் உழைத்தார்கள். இந்த நகரின் பழைய சுவர்களை நம் மக்களின் கைகளும் எழுப்பின. சீன வணிகரின் மாளிகையைப் பற்றிப் பேசும்போதும் இது எனக்கு நினைவில் வருகிறது.

15 பிப்ரவரி

அதே நண்பர், அந்த நீலம் துணிக்குப் போடும் சொட்டு நீலம்தானா என்றும் கேட்டிருந்தார். சலவை நீலத்தில் வெகுகாலம் பயன்பட்டது வேறொரு பொருள்; 1820களின் இறுதியில் பிரான்சில் செயற்கையாகச் செய்யப்பட்ட அல்ட்ராமரின். அதைச் சுண்ணாம்பில் கலப்பது நம் வீடுகளிலும் வழக்கம். என் பாட்டி ஒரு வாளிச் சுண்ணாம்புக்குச் சிறிது கரைத்துவிடுவார், வெள்ளை பளிச்சென்று இருக்கும். மாளிகையின் நீலம் அவுரி. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் ஏராளமாக விளைந்த பயிர் அது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தச் சாகுபடி சரிந்தது. இந்த மாளிகை எழுந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

20 பிப்ரவரி

செப்பனிட்ட முறையைப் பற்றி.

மாளிகையின் கூரை முகட்டிலும் சுவர் விளிம்புகளிலும் பூ, பறவை, மனிதர், கதைக் காட்சிகள் என்று வண்ணப் பீங்கான் சில்லுகளால் செய்த உருவங்கள் உண்டு. சியென் நியென் என்பது அந்தக் கலையின் பெயர். வண்ணக் கிண்ணங்களை இடுக்கியால் இதழ் இதழாகக் கத்தரித்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். உடைந்த ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி ஒட்டுவதன்று அது. இதழுக்கு வேண்டிய வளைவு கிண்ணத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து நறுக்குவது. இந்த வேலை தெரிந்தவர்கள் உள்ளூரில் அருகிவிட்டதால், சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள். புதிதாக பிளாஸ்டரில் வார்த்து வண்ணம் தீட்டியிருந்தால் கீழே நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிந்திருக்காது. அப்படிச் செய்யாததால்தான் அந்த வேலையை உயர்வாகப் பேசுகிறேன்.

1995இல் மலேசியாவின் தேசியக் கட்டடக்கலை விருது மரபுப் பாதுகாப்புப் பிரிவில் இதற்குக் கிடைத்தது. 2000இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் மரபு விருதுகளைத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே முதன்மை விருது இந்த வீட்டுக்கு வந்தது. அதே கட்டடக்கலைஞர் பின்னர் ஆயர் ஈத்தாம் சாலையின் சஃபோக் இல்லத்தையும் செப்பனிட்டார்.

எங்கள் வீட்டில் இவ்வளவு நுட்பமான வேலை இல்லை. மாடி ஜன்னலின் சாய்பலகைகளும், அஞ்சடியின் (கடைவீட்டு முன்புறக் கூரையிட்ட நடைபாதையின்) மேல்தளத்தைத் தாங்கும் தூண்களும், முற்றத்து ஓடுகளும்தான். ஆனாலும் கொள்கை ஒன்றே. கெட்டதை மட்டும் எடுப்பது. எடுத்ததற்கு அதே பொருளை வைப்பது. நாளைக்கு இன்னொருவர் வந்து மாற்ற முடியாத எதையும் செய்யாமலிருப்பது. உளுத்த உத்தரத்தை முழுவதும் மாற்றச் சொன்ன தச்சர் உண்டு. முனையை மட்டும் அறுத்து, அதே இன மரத்தை இணைத்து ஆணியடித்துக் கொடுத்த தச்சரும் உண்டு. இரண்டாமவர் பல நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அந்த உத்தரம் இன்று மாடியைத் தாங்குகிறது.

24 பிப்ரவரி

7ஆம் தேதிக் குறிப்பில் உயில் வீட்டைக் காத்தது என்று எழுதியதை இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று.

உயில் விற்பனையைத்தான் தடுத்தது. கூரை ஒழுகுவதை எந்த உயிலும் தடுக்காது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்திருந்தால் கறையானும் ஆலங்கன்றும் அந்த வீட்டை 1989 வரை விட்டுவைத்திருக்குமா என்பது ஐயம். அறைகளில் வாடகைக்கு இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், ஒழுகிய இடத்தில் வாளி வைத்தார்கள், முற்றத்தில் துணி உலர்த்தினார்கள். முற்றத்தில் துவைத்த ஏழைக் குடும்பங்களைப் பாழாக்கியவர்களாகப் பேசுவது நம் வழக்கம். வீட்டுக்குக் காற்றோட்டத்தைக் கொடுத்தவர்களும் அவர்களே.

நகரம் முழுவதற்கும் இது பொருந்தும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையைக் குறைவாக வைத்திருந்தது. உரிமையாளர்களுக்குப் பழுது பார்க்கப் பணமோ ஆர்வமோ இல்லை. அதே நேரம் இடித்துக் கட்டவும் வழியில்லை. சட்டம் 1999 இறுதியோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். எங்கள் சந்தில் பூ கட்டியவர்களும் பொற்கொல்லரும் போய்விட்டார்கள். காலியான பல வீடுகளில் உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். உணவாக விற்கும் அவற்றின் கூட்டுக்காக உள்ளே எந்நேரமும் ஈரம் தெளித்ததில் சுவரும் மரமும் கெட்டன. ஆள் குடியிருந்தவரை நின்ற சுவர்கள், ஆள் போனதும் சரியத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

27 பிப்ரவரி

"கடைசியில் தங்கும் விடுதியாகத்தானே ஆக்கினார்கள், இதற்கு ஏன் இவ்வளவு புகழ்ச்சி?" என்று ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். கோபம் எனக்கும் புரிகிறது. ஜார்ஜ் டவுனில் இன்று செப்பனிட்ட வீடு என்றாலே விடுதி, காப்பிக் கடை என்று ஆகிவிட்டது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தவற்றையும் மரபுப் பாதுகாப்பு என்கிறார்கள்.

ஆனால் 38 அறை வீட்டை எந்தக் குடும்பம் இன்று நடத்தும்? அருங்காட்சியகமாக மட்டும் வைத்தால் நுழைவுச் சீட்டுப் பணம் சுண்ணாம்புக்கே போதாது. தங்குகிறவர்கள் வருவதால் விளக்கு எரிகிறது, ஜன்னல் திறக்கிறது, அடுத்த பூச்சுக்குப் பணம் கிடைக்கிறது. அறைகளின் அளவும் முற்றமும் படிகளும் குலையாமல் அதைச் செய்திருக்கிறார்கள். தங்காதவர்களும் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். எனக்குள்ள குறை வேறு: மாளிகைக்கு விருது கொடுக்கும் நாம், எங்கள் சந்தில் இட்லிக் கடை நடத்திக்கொண்டே சுண்ணாம்பு அடித்துக் காக்கும் குடும்பத்துக்குக் கைகொடுப்பது குறைவு. திங்க் சிட்டி போன்ற அமைப்புகள் 2009க்குப் பின் சிறு வீடுகளைச் செப்பனிட மானியம் கொடுத்தது நல்ல தொடக்கம். அது பெருக வேண்டும். குடியிருப்பவர் தொடர்ந்து இருப்பதை நிபந்தனையாக்கிக் கொடுக்க வேண்டும்.

3 மார்ச்

முதல் கேள்வியைக் கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். காரைக்காலில் அவருடைய தாத்தா வீடு இருப்பதாகவும், சுவரில் உப்பு பூப்பதாகவும், மழைக்கு முன் வேலையைத் தொடங்கலாமா என்றும் கேட்கிறார். வேலையின் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் கூரை. ஓடு நழுவிய இடம், நீர்த்தாரை அடைத்த இடம், சுவரோடு கூரை சேரும் இடம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் சுவரைத் தொட வேண்டாம். பாதிப் பேர் ஓதம் என்று நினைப்பது மேலிருந்து இறங்கும் ஒழுகலே. அடுத்து, சுவரோரம் தரை உயர்ந்திருந்தாலோ சிமெண்ட் தளம் போட்டிருந்தாலோ அதை இறக்கி, மழைநீர் சுவரிலிருந்து விலகி ஓடச் செய்யுங்கள். பிறகு சிமெண்ட் பூச்சைப் பெயர்த்துக் காயவிடுங்கள். இதற்கு ஒரு கோடை முழுவதும் வேண்டியிருக்கும். எனவே மழைக்கு முன் கூரையும் வடிகாலும் முடிந்தால் போதும், காரை வேலையை அடுத்த தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கு நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் நீருக்கடியில் சில வாரமாவது ஊறவிடுங்கள். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. வெள்ளையடிக்கும்போது சுவரை நனைத்துக்கொண்டு, பால் போன்ற கரைசலாக மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் காயட்டும். வேலை தொடங்குமுன் எல்லாச் சுவர்களையும் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். பழைய படலங்களைச் சுரண்டும்போது அடியில் என்ன நிறம் வருகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள்.